வீட்டுச் சாமான் விற்று சம்பளம்

ஏலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தவணை கட்டாத வீடு. மீட்காமல் விட்ட அடகு நகை. எப்படியும் ஒரு குடும்பத்தின் கஷ்டம். அதை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம்.

சுமார் நூறு வருடங்களுக்கு முன்னால் ஜாவா தீவின் யோக்யகர்த்தா நகரத்தில் நடந்தது வேறு மாதிரி ஏலம். சுல்தானின் பெரிய மசூதியை ஒட்டிய கவுமான் குடியிருப்பு. ஒருநாள் அங்கே ஒரு பெரியவர், ஊரைக் கூட்ட அடிக்கும் மரக்கட்டையைத் தட்டி எல்லோரையும் தன் வீட்டு வாசலுக்கு வரவழைத்தார். தீ விபத்தா, திருடனா என்று ஓடி வந்தார்கள் ஜனங்கள். பெரியவர் நிதானமாகச் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. ஐந்நூறு கில்டர் வேண்டும். என் வீட்டில் இருக்கும் சாமான்களை ஏலம் விடுகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம், பீரோ, விளக்கு, உடுத்தும் துணி என்று எல்லாமே ஏலத்துக்கு வந்தது. கேட்டார்கள். எடுத்தார்கள். பணம் தேவைக்கு மேல் பல மடங்கு சேர்ந்துவிட்டது. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால் ஒரு சாமானும் வெளியே போகவில்லை! காசு கொடுத்தவர்கள் பொருளை எடுக்காமலே போய்விட்டார்கள். பெரியவர் பின்னாலேயே போய்க் கூப்பிட்டாராம். மீதிப் பணத்தையும் பள்ளிக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம்.

வாய்வழியாக வந்த கதை. கொஞ்சம் கூட்டல் கழித்தல் இருக்கலாம். ஆனால் இந்தோனேசியாவில் இஸ்லாமியத் தனியார் பள்ளி நடத்தும் எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம். ஏனென்றால் கதையில் வருகிற கடிகாரமும் பீரோவும்தான் பழசு. வாத்தியார் சம்பளம் இருக்கிறதே... அது இன்னும் அப்படியே இருக்கிறது.

பெரியவரின் பெயர் அஹ்மத் தஹ்லான். 1868-ல் பிறந்தவர். அப்பா பெரிய மசூதியில் பிரசங்கம் செய்பவர். மகனும் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்தார். அந்தச் சம்பளம் கைக்கும் வாய்க்கும் போதாது. எனவே பாத்திக் துணி வியாபாரம். ஊர் ஊராகப் போய்த் துணி விற்பார். போகிற ஊரில் நாலு பேரிடம் பேசுவார். இரண்டு தடவை மெக்கா போய் வந்தவர். எகிப்தில் முஹம்மது அப்துஹு என்ற சீர்திருத்தவாதி எழுதியதையெல்லாம் தேடிப் படித்தவர்.

ஆசாமிக்கு ஒரு குணம். சரியென்று பட்டுவிட்டால் சும்மா இருக்க மாட்டார். 1890-களின் இறுதியில் பெரிய மசூதி மெக்காவின் திசையைப் பார்க்கவில்லை, நேர் மேற்கே பார்க்கிறது, கணக்குத் தப்பு என்று கண்டுபிடித்துச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தன் சின்னத் தொழுகைக்கூடத்தைச் சரியான திசையில் கட்டினார். என்ன ஆயிற்று? கூடத்தை இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஊரைவிட்டே கிளம்பியவரைச் சொந்தக்காரர்கள் சமாதானப்படுத்தித் திருப்பி அழைத்து வரவேண்டியிருந்தது.

இந்த மனிதர்தான் 1911 டிசம்பரில், நாற்பத்து மூன்று வயதில், தன் வீட்டு முன்னறையில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அறையின் அளவு இரண்டரை மீட்டருக்கு ஆறு மீட்டர். நம் ஊரில் பெட்டிக்கடை வைக்கக்கூட யோசிப்பார்கள். மாணவர்கள் ஒரு சிலர்தான். பாத்திக் வேலைக்கான வெள்ளைத்துணி வந்து இறங்கும் மரப்பெட்டிகளை உடைத்து, அந்தப் பலகையில் மேஜையும் பெஞ்சும் செய்தார்கள். ஒரு கரும்பலகை. அவ்வளவுதான் மூலதனம்.

இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பெஞ்சுதான் சண்டை!

அன்றைய ஜாவாவில் கல்வி இரண்டு உலகமாகக் கிடந்தது. ஒரு பக்கம் பெசந்த்ரன். குருகுலம் மாதிரி. மாணவன் ஆசிரியரின் வளாகத்திலேயே தங்கி, பாயில் உட்கார்ந்து, அரபு மொழி மார்க்க நூல்களைப் பாடம் கேட்பான். அந்த மாணவனுக்கு சந்த்ரி என்று பெயர். (ஒரு சின்ன இடைவெட்டு. சந்த்ரி என்பது தமிழ்ச்சொல், குரான் ஓதிக்கொடுக்கும் ஆசிரியர் என்று அர்த்தம் என ஏ.எச். ஜான்ஸ் என்ற அறிஞர் சொல்லியிருக்கிறார். இந்தோனேசியர்கள் இதை நிறைய மேற்கோள் காட்டுகிறார்கள். சாஸ்திரியின் திரிபு என்பவர்களும் உண்டு. எந்தத் தமிழில் சந்த்ரி இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லலாம்.) இன்னொரு பக்கம் டச்சு சர்க்காரின் பள்ளி. பெஞ்சு, மேஜை, கரும்பலகை, கணக்கு, பூகோளம், டச்சு மொழி. அதில் படித்தால் உத்தியோகம். மார்க்கக் கல்வி மட்டும் அங்கே கிடையாது. பெசந்த்ரனில் படித்தால் மார்க்கம் உண்டு. உத்தியோகம் கிடையாது.

தஹ்லான் இரண்டையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தார். அதுவும் பெஞ்சில். சர்க்கார் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வாரக் கடைசியில் போய் மார்க்கப் பாடம் எடுத்தபோது, அங்கே பிள்ளைகள் எப்படி உட்கார்கிறார்கள், மணி அடித்தால் எப்படிப் பாடம் மாறுகிறது என்பதையெல்லாம் பார்த்து வைத்திருந்தார். பெஞ்சைப் பார்த்ததும் ஊரார் அவருக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? காஃபிர் கியாய். அதாவது மறுப்பாளரான மார்க்க ஆசான். இதைவிட மோசமாக ஒரு கியாயைத் திட்ட முடியாது.

மகெலாங் ஊரிலிருந்து ஒரு கியாய் தகராறு பண்ணவே வந்தாராம். காஃபிர்களின் சாமான்களை வைத்துப் பாடம் நடத்துவது அடுக்குமா என்று கேட்டார். தஹ்லான் பதில் சொல்லவில்லை. நீங்கள் மகெலாங்கிலிருந்து நடந்தா வந்தீர்கள், ரயிலிலா என்று விசாரித்தார். ரயிலில்தான் என்றார் வந்தவர். அப்படியானால் திரும்பிப் போகும்போது நடந்து போங்கள், ரயிலும் காஃபிர்களின் சாமான்தானே என்றார் இவர். அதோடு பேச்சு முடிந்தது.

1912 நவம்பர் 18-ல் முஹம்மதியா என்ற அமைப்பு பிறந்தது. பள்ளிகளைத் தன் காலத்துக்குப் பிறகும் நடத்த ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது முக்கியமான காரணம். 1923-ல் தஹ்லான் இறந்துபோனார். அமைப்பு நின்றது. இன்றைக்கு அதன் பள்ளிகளும் மதரசாக்களும் 5,000-க்கு மேல். துணிப்பெட்டிப் பலகையின் வாரிசுகள்.

அடுத்த கேள்வி பணம். நான் படித்தது பி.காம். எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும் கை தானாகப் பற்று வரவு எழுத ஆரம்பித்துவிடும். ஆயிரக்கணக்கான பள்ளிகள் என்கிறார்களே, யார் பணம் கொடுத்தது?

டச்சு அரசாங்கத்திடம் மானியம் இருந்தது. அவர்கள் கேட்ட பாடத்திட்டம், அவர்கள் கேட்ட தகுதியுள்ள ஆசிரியர் இருந்தால் கொடுப்பார்கள். முஹம்மதியா வாங்கிக்கொண்டது. 1922-ல் கி ஹஜர் தேவந்தரா தொடங்கிய தாமன் சிஸ்வா பள்ளிகள் வேண்டாம் என்றன. அந்நியன் காசில் தேசப்பற்று பாடம் எப்படி எடுப்பது என்பது அவர்கள் கட்சி. இரண்டு பேரும் ஒரே நகரத்துக்காரர்கள், இரண்டு பேரும் மக்களுக்காகப் பள்ளி நடத்தியவர்கள். யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும். மானியம் வாங்கினால் ஆசிரியருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும், அதிகாரியும் கூடவே வருவார். வாங்காவிட்டால் சுதந்திரம் உண்டு, சம்பளம் தள்ளிப்போகும்.

1932-ல் டச்சுக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மானியம் வாங்காத தனியார் பள்ளிகளும் இனி அனுமதி வாங்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர், காட்டுப் பள்ளிச் சட்டம். மானியம் வாங்காத பள்ளி என்றால் அவர்களுக்குக் காட்டுச்செடி! தேவந்தரா கவர்னர் ஜெனரலுக்குத் தந்தி அடித்தார். முஹம்மதியா உட்பட எல்லா அமைப்புகளும் எதிர்த்தன. மானியம் வாங்கியவர்களும் வாங்காதவர்களும் ஒன்றாக நின்றார்கள். 1933 பிப்ரவரியில் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

பெசந்த்ரன் பக்கம் என்ன நடந்தது? அங்கேயும் கதவு திறந்தது. கொஞ்சம் மெதுவாக. கிழக்கு ஜாவாவின் தெபுஇரெங் பெசந்த்ரன் அந்த உலகத்தின் தலைமைப்பீடம் மாதிரி. நிறுவியவர் ஹஷிம் அஷ்அரி. 1926-ல் நஹ்தலத்துல் உலமா என்ற பெரும் அமைப்பைத் தொடங்கியவரும் அவரே. அவருடைய மகன் வாஹித் ஹஷிம், 1930-களின் நடுவில், இருபது வயதை ஒட்டிய பையன், அப்பாவின் பெசந்த்ரனுக்குள்ளேயே ஒரு புதிய மதரசா ஆரம்பித்தார். அதில் பாடநேரத்தின் 70 சதவிகிதம் பொதுப் பாடங்கள். ஆங்கிலம், டச்சு எல்லாம் உண்டு. பெற்றவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அப்பா மறுக்கவில்லை. அந்த 70 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் கழித்துத் திரும்ப வரும்.

சுமத்ராவில் ரஹ்மா எல் யூனுசியா என்ற பெண், 1923-ல் பாடாங் பாஞ்சாங்கில் பெண்களுக்கென்றே பள்ளி தொடங்கினார். 1926 பூகம்பத்தில் பள்ளி தரைமட்டம். மறுபடி கட்டினார். பிற்காலத்தில் கெய்ரோவின் அல் அஸ்ஹர் பல்கலைக்கழகம் இவருடைய பள்ளியைப் பார்த்து வியந்து இவருக்குப் பட்டம் கொடுத்தது. அல் அஸ்ஹரில் பெண்களுக்குத் தனிப்பிரிவு வந்தது அதற்கும் பிறகுதான். தனிக் கட்டுரைக்கான வாழ்க்கை. இப்போதைக்கு நகரலாம்.

சுதந்திரம் வந்தது. கூடவே ஒரு தலைவலி. பொதுப்பள்ளிகள் கல்வி அமைச்சகத்தின் கீழே, மதரசாக்கள் மத விவகார அமைச்சகத்தின் கீழே என்று பிரித்தார்கள். ஒரு நாட்டுக்கு இரண்டு சமையலறை. மதரசாவில் படித்த பையன் சர்க்கார் கல்லூரிக்கோ வேலைக்கோ போனால், உன் சான்றிதழ் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று கேட்டார்கள்.

சுகார்த்தோ ஆட்சி 1972-லும் 1974-லும் எல்லாக் கல்வியையும் கல்வி அமைச்சகத்தின் கீழே இழுக்கப் பார்த்தது. பலத்த எதிர்ப்பு. கடைசியில் 1975 மார்ச்சில் மூன்று அமைச்சர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மதரசா மத அமைச்சகத்திடமே இருக்கட்டும். சான்றிதழ் பொதுப்பள்ளிக்குச் சமம். ஆனால் பாடத்தில் 70 சதவிகிதம் பொதுப் பாடம். 30 சதவிகிதம் மார்க்கம். வாஹித் ஹஷிமின் அதே 70! அவர் 1953-லேயே கார் விபத்தில் இறந்துவிட்டார். பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவருடைய மகன் அப்துர்ரஹ்மான் வாஹித் பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியே ஆனார்.

சான்றிதழ் சமமாகிவிட்டது. ஒரு கையெழுத்தில் காகிதத்தைச் சமமாக்கலாம். இயற்பியல் ஆசிரியரை? பரிசோதனைக்கூடத்தை? மார்க்க ஆசிரியர்கள் நிறைந்த மதரசாவில் 70 சதவிகிதப் பொதுப்பாடத்தை யார் எடுப்பது? இன்றைக்கும் மதரசாக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தனியாருடையவை. சர்க்கார் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் அங்கே சொற்பம். விதியை அரசாங்கம் போட்டது. செலவை அறக்கட்டளை தலையில் எழுதியது.

அதே காலத்தில் இன்னொரு சமாசாரம் நடந்தது. எண்ணெய் விலை ஏறியது. இந்தோனேசியாவுக்குப் பணமழை. 1973 முதல் ஆறே வருடங்களில் 61,000-க்கு மேல் ஆரம்பப் பள்ளிகளைக் கட்டித் தள்ளினார்கள். (இதை ஆராய்ந்தவர்தான் 2019-ல் பொருளாதார நோபல் வாங்கிய எஸ்தர் டஃப்லோ.) நல்ல விஷயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். லட்சக்கணக்கான பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் ஆரம்பப் பள்ளியை முடித்து வெளியே வந்து நிற்கிறார்கள். அடுத்து எங்கே போவது? மேல்வகுப்புக்கு அரசாங்கம் அந்த வேகத்தில் கட்டவில்லை.

அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள்தான் இஸ்லாமிய அறக்கட்டளைகள். மசூதிக்குப் பின்னால் நான்கு அறை, மேலே ஒரு பெயர்ப்பலகை. இடம் இல்லையா? அரசுப் பள்ளிக் கட்டடத்தையே மதியத்துக்கு மேல் வாடகைக்கு எடுத்தார்கள். ஆசிரியர் இல்லையா? காலையில் அரசுப்பள்ளியில் பாடம் நடத்தியவரே மாலையில் இங்கேயும் வருவார். களைத்த குரல், அதே பாடம், கால்வாசிச் சம்பளம். இந்தப் பள்ளிகளில் தரம் இல்லை என்று பின்னாளில் நிபுணர்கள் அறிக்கை எழுதினார்கள். நிஜம்தான். ஆனால் இவை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குத் தரமில்லாத பள்ளிகூடக் கிடைத்திருக்காது. அதையும் பற்றுவரவில் எழுதவேண்டாமா?

எனக்கு இது புத்தக விஷயம் மட்டும் இல்லை. பி.காம். முடித்துவிட்டு, வேலை கிடைக்கும் வரை, ஒரு தனியார் பள்ளியில் ஆறு மாதம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுன்டன்சி எடுத்தேன். சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட தொகை ஒன்று. கவரில் வந்த தொகை வேறு. ஐந்தொகை இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும் என்று காலையில் பாடம் நடத்திவிட்டு, ஒன்றாம் தேதி அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன்! பத்திரிகையில் வேலை கிடைத்த அன்றைக்கு, வருடத்தின் நடுவில், பாதி பாடத்தில் விட்டுவிட்டுப் போனேன். பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று அப்புறம் விசாரிக்கவில்லை. இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் உறுத்தியது.

சரி, தொழிற்கல்விக்கு வருவோம்.

இந்தோனேசியாவில் மேல்நிலைக் கல்வி இரண்டு கிளை. எஸ்.எம்.ஏ. என்றால் பொதுப் பாடம், கல்லூரிக்குப் போக. எஸ்.எம்.கே. என்றால் தொழிற்பாடம், வேலைக்குப் போக. மோட்டார் மெக்கானிக், கம்ப்யூட்டர் நெட்வொர்க், தையல், சமையல், கணக்கு, அலுவலக நிர்வாகம் என்று பல பிரிவுகள். 2004 முதல் 2009 வரை கல்வி அமைச்சராக இருந்தவர் பம்பாங் சுதிபியோ. கணக்கியல் பேராசிரியர். நம்மவர்! பொதுப்பள்ளி எழுபது, தொழிற்பள்ளி முப்பது என்றிருந்த விகிதத்தைத் தலைகீழாக்கவேண்டும் என்று இலக்கு வைத்தார். வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு இதுதான் மருந்து என்றார்கள்.

புற்றீசல் மாதிரி தொழிற்பள்ளிகள் முளைத்தன. இன்று இருக்கும் சுமார் 14,000-ல் ஏறக்குறைய நான்கில் மூன்று தனியாருடையது. அதில் இஸ்லாமிய அமைப்புகளின் பங்கு பெரிது. அறக்கட்டளை நடத்துபவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கடைசல் பட்டறை வைக்க எந்திரம் வாங்கவேண்டும், கோடிக்கணக்கில் ருப்பியா. அலுவலக நிர்வாகம் என்றால்? நாற்காலி, மேஜை, நான்கு கம்ப்யூட்டர் போதும். எதைத் திறப்பீர்கள்? அவர்களும் அதைத்தான் திறந்தார்கள். ஊருக்கு ஊர் ஒரே மாதிரி பிரிவுகள். தொழில் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்குப் பெரிய பஞ்சம். 2016-ல் தொழிற்பள்ளிகளைச் சீரமைக்க ஜனாதிபதி உத்தரவு வந்தபோது, பொதுப்பாட ஆசிரியர்களையே பயிற்சி கொடுத்துத் தொழிற்பாட ஆசிரியர்களாக மாற்றும் திட்டம் ஒன்றும் வந்தது. ஒரு வருடப் பயிற்சியில் வெல்டிங் கைக்கு வருமா? வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த யாரையாவது கேளுங்கள்.

நடுவில் ஒரு சந்தோஷச் செய்தியும் வந்தது. 2012 ஜனவரி. மத்திய ஜாவாவில் தொழிற்பள்ளிப் பிள்ளைகள் ஒரு பட்டறையோடு சேர்ந்து பூட்டிய கார் ஒன்றை, சோலோ நகர மேயர் தன் அலுவலகக் காராக ஏற்றுக்கொண்டார். காரின் பெயர் எஸெம்கா. கே என்ற எழுத்தை அங்கே கா என்பார்கள். எஸ்-எம்-கா! பள்ளியின் பெயரே காரின் பெயர். நாடே கொண்டாடியது. கார் புகைச் சோதனையில் முதலில் தோற்று, பிறகு தேறியது. மேயர்? அவர்தான் ஜோக்கோ விடோடோ. 2014-ல் ஜனாதிபதி. 2019-ல் எஸெம்கா தொழிற்சாலையை அவரே திறந்து வைத்தார். ஆனால் அதற்குள் அது ஒரு சாதாரணக் கம்பெனி ஆகியிருந்தது.

கார் ஓடியது. பிள்ளைகளுக்கு வேலை கிடைத்ததா? மத்தியப் புள்ளிவிவர நிறுவனத்தின் கணக்குப்படி 2020 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில், தொழிற்பள்ளி முடித்தவர்களில் வேலையில்லாதவர்கள் 13.55 சதவிகிதம். 2023-ல் 9.31. எந்தப் படிப்புக்காரர்களையும்விட இவர்கள்தான் அதிகம். வேலைக்காகவே என்று திறந்த பள்ளியில் படித்தவர்களுக்கு! பொதுப்பாடத்திலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2022-ல் நடந்த பீசா சர்வதேசத் தேர்வில் இந்தோனேசிய மாணவர்களின் கணித மதிப்பெண் 366. வளர்ந்த நாடுகளின் சராசரி 472.

எல்லாம் இருட்டு என்று சொல்லவில்லை. குதுஸ் என்ற ஊருக்குப் போவோம். கிராம்பு சிகரெட்டின் தலைநகரம். அங்கே நஹ்தலத்துல் உலமா மரபில் வந்த பெண்கள் தொழிற்பள்ளி ஒன்று, எஸ்.எம்.கே. என்.யூ. பனாத். முக்காடு போட்ட பெண்கள் ஆடை வடிவமைப்புப் படிக்கிறார்கள். அவர்களே வடிவமைத்த இஸ்லாமிய உடைகள் ஹாங்காங் ஃபேஷன் வீக் மேடை வரை போயின. நல்ல எந்திரங்கள், தொழில் தெரிந்த பயிற்சியாளர்கள், சந்தை தெரிந்த ஆலோசகர்கள். எப்படி முடிந்தது? ஜாரும் அறக்கட்டளை பணம் போட்டது. ஜாரும் யார்? சிகரெட் கம்பெனி!

இங்கே ஒரு முடிச்சு. முஹம்மதியா 2010-ல் புகைபிடிப்பது ஹராம் என்று ஃபத்வா கொடுத்த அமைப்பு. நஹ்தலத்துல் உலமா அவ்வளவு தூரம் போவதில்லை, விரும்பத்தகாதது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் ஒரு ஊரில் அந்தப் பணத்தில் தையல் எந்திரம் வரும். இன்னொரு ஊரில் அதே பணத்தைத் தொடக்கூட யோசிப்பார்கள். டச்சு மானியம் வாங்கலாமா கூடாதா என்ற பழைய விவாதம், ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்ப வந்து நிற்கிறது. 2020 ஜூலையில் கல்வி அமைச்சகம் ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஒன்றில் பெரிய கம்பெனிகளின் அறக்கட்டளைகளையும், இந்த அமைப்புகளையும் ஒரே பட்டியலில் சேர்த்து நிதி ஒதுக்கியபோது, முஹம்மதியாவும் என்.யூ.வின் கல்விப் பிரிவும் விலகிக்கொண்டன. கோடீஸ்வரனும் நாங்களும் ஒரே வரிசையில் நின்று மானியம் வாங்குவதா என்பதுதான் கோபத்தின் சாரம்.

சம்பளத்தை உயர்த்தினால் தரம் வந்துவிடுமா? அப்படியும் சொல்ல முடியவில்லை. 2005-ல் வந்த ஆசிரியர் சட்டப்படி, தகுதிச்சான்று பெற்றவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் அளவுக்கே ஒரு படி கொடுத்தார்கள். அதாவது இரட்டிப்பு. நம் நாட்டுப் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் வேறு மூவரும் 360 அரசுப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆசிரியர்கள் சந்தோஷமானார்கள், பக்கத்து வேலை குறைந்தது, கடன் தொல்லை குறைந்தது. பிள்ளைகளின் மார்க்? அசையவில்லை. 2018-ல் வெளியான இந்த ஆய்வைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, சம்பளம் பிரச்னையே இல்லை என்று சிலர் சொன்னார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் ஏற்கெனவே நிரந்தர சர்க்கார் ஆசிரியர்கள். வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தனியார் இஸ்லாமியப் பள்ளியின் தற்காலிக ஆசிரியர் கதை வேறு. மாதம் 3 லட்சம் ருப்பியா வாங்குகிறவர்கள் பற்றி அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதி எழுதி ஓய்ந்துவிட்டன. லட்சம் என்றதும் மலைக்காதீர்கள். நம் பணத்தில் 1,600 ரூபாய் சுமார். அவர் பாடம் நன்றாக நடத்துவாரா என்பது அப்புறம். அடுத்த மாதம் வருவாரா என்பதுதான் தலைமை ஆசிரியரின் முதல் கவலை.

அந்தக் கவலை 2021-ல் உண்மையானது. அரசாங்கம் பத்து லட்சம் ஆசிரியர்களை ஒப்பந்த அரசு ஊழியர்களாக எடுக்கப்போவதாக அறிவித்தது. தேர்வு எழுதித் தேறினால் சர்க்கார் சம்பளம், படி, மரியாதை. தனியார் பள்ளி ஆசிரியர்களும் எழுதலாம். நல்ல காரியம்தானே? ஆனால் தேறியவர்களுக்கு நியமனம் அரசுப் பள்ளியில் மட்டும். யார் தேறுவார்கள்? இருப்பதில் கெட்டிக்காரர்கள். பத்து வருடம் செதுக்கி, பயிற்சிக்கு அனுப்பி, தகுதிச்சான்று வாங்க வைத்த வேதியியல் ஆசிரியை. அந்த வட்டாரத்திலேயே வயரிங் தெரிந்த ஒரே மின்சாரப் பிரிவு ஆசிரியர். ஒரு ஆணை வந்தது, போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் பாதி பாடத்தில் போனவன்தான்.

முஹம்மதியாவும் நஹ்தலத்துல் உலமாவும் கேட்டது ஒன்றுதான். தேறட்டும், சந்தோஷம். அவர்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்த பள்ளியிலேயே நியமித்துவிடுங்கள். சம்பளத்தை நீங்கள் கொடுங்கள். அதிகாரிகள் சட்டத்தைக் காட்டினார்கள். அரசு ஊழியர் அரசு நிறுவனத்தில்தான் வேலை செய்ய முடியும். வருடங்கள் ஓடின.

2024 அக்டோபரில் புதிய ஆட்சி வந்தது. பள்ளிக் கல்வி அமைச்சராக வந்து உட்கார்ந்தவர் அப்துல் முஃதி. முஹம்மதியாவின் பொதுச்செயலாளர்! 2025 ஜனவரியில் அமைச்சகம் ஒரு விதியை வெளியிட்டது. அரசு ஊழியரான ஆசிரியர்களைத் தனியார் பள்ளிகளிலும் பணியமர்த்தலாம். நிபந்தனைகள் உண்டு. தேவை இருக்கவேண்டும், பள்ளி தகுதி காட்டவேண்டும், உள்ளூர் நிர்வாகம் ஒத்துக்கொள்ளவேண்டும். சம்பளம் அரசாங்கத்தினுடையது.

போனவர்களில் எத்தனை பேர் பழைய பள்ளிக்குத் திரும்புவார்கள் என்பது வேறு கேள்வி. அரசுப் பள்ளிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்திருப்பார்கள், பிள்ளைகளை அங்கே சேர்த்திருப்பார்கள். பழைய பள்ளியில் அவர்களுடைய வகுப்பை, கையில் கிடைத்த வேறொருவர் நடத்திக்கொண்டிருப்பார். மூன்று லட்சம் ருப்பியாவுக்கு.